நாள் குறிக்கப்படாத துயரம்

"அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்?"

என் வயதுடைய மலேசியர் யாரிடம் வேண்டுமானாலும் இப்படிக் கேட்டுப் பாருங்கள். 'என்றைக்கு?' என்று பெரும்பாலும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். 2014 மார்ச் 8, சனிக்கிழமை. கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்கிற்குப் புறப்பட்ட எம்எச்370 விமானம் 239 பேருடன் காணாமல் போன நாள். விடுதியில் என்னோடு தங்கியிருக்கும் இருவரில் ஒருவர் கிளந்தான்காரர், மற்றவர் சரவாக்கின் சிபுவிலிருந்து வந்தவர். எங்கள் மூவருக்கும் தாய்மொழி வேறு, சமயம் வேறு, சாப்பாடும் வேறு. ஆனால் இந்தக் கேள்விக்கு மூவரிடமும் உடனே பதில் இருக்கிறது. ஒருவர் தாத்தா வீட்டு முற்றத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் சந்தைக்குப் போகும் வழியில் காரில் செய்தி கேட்டார். நான் சுங்கைப்பட்டாணியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்தேன். கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான் தோசைக்காகக் காத்திருந்தபோது, வானொலியின் சத்தத்தைக் கூட்டச் சொன்னார் அம்மா.

எங்கள் மூவரின் உறவினர் எவரும் அந்த விமானத்தில் இல்லை. இருந்தும் அந்தக் காலை வேளை அப்படியே பதிந்திருக்கிறது. "எங்கே இருந்தாய்?" என்னும் கேள்வி, "நீயும் எங்களில் ஒருவன்தானே?" என்று கேட்கும் கேள்வியாகவும் இருக்கிறது. பதில் வைத்திருப்பவர் எல்லாரும் அந்த நொடியில் ஒரே வீட்டார் ஆகிவிடுகிறார்கள். எங்கள் தலைமுறைக்கு அந்த நாளின் நினைவு இன்னோர் அடையாள அட்டை என்றால் மிகையாகாது.

ஒவ்வொரு தலைமுறைக்கும் இப்படி ஒரு நாள் உண்டு. வடக்கில் பிறந்த என் பெற்றோர் வயதினரிடம் கேட்டால் 1988 ஜூலை 31ஆம் தேதியைச் சொல்வார்கள். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கும் பினாங்கில் நடந்த சீனர் கோயில் விழாவுக்கும் ஒரே நாளில் கூட்டம் திரள, பட்டர்வொர்த் படகுத்துறையின் மேல்தளம் இடிந்து 32 பேர் இறந்தார்கள். 1,600க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அதற்கும் மூத்தவர்களிடம் கேட்டால் 1969 மே 13ஐச் சொல்வார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

இந்த வகை நினைவைப் பற்றி உளவியலில் புகழ்பெற்ற ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்ற இருவர் 1977இல் அதை வெளியிட்டார்கள். அதிபர் கென்னடி கொல்லப்பட்ட செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தோம் என்பது அவர்கள் விசாரித்த வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் ஒன்றுபோல நினைவிருந்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட நாளைக் கேட்டபோது நிலை மாறியது. கறுப்பினத்தவரில் நான்கில் மூவருக்கு அந்த நேரம் தெளிவாக நினைவில் இருந்தது. வெள்ளையரில் மூன்றில் ஒருவருக்குத்தான் இருந்தது. இருவரும் ஒரே நாட்டில் ஒரே செய்தியைக் கேட்டவர்கள்தாம். தனக்கு நேர்ந்தது என்று எவன் உணர்கிறானோ அவன் நினைவில்தான் அது தங்குகிறது. எந்தத் துயரம் தேசியத் துயரம் என்பதை நாள்காட்டி மட்டும் தீர்மானிப்பதில்லை. யாரைக் கேட்கிறோம் என்பதும் தீர்மானிக்கிறது.

கெடாவுக்கே உரிய நாள் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 9 மணிக்குச் சற்று முன்பு சுமத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியது. பிற்பகல் 1 மணியையொட்டி ஆழிப்பேரலை கோத்தா கோலா மூடாவில் புகுந்தது. லங்காவியிலும் பினாங்கிலும் அப்படியே. மலேசியாவில் 68 பேர் மாண்டனர். அப்போது எனக்கு ஒரு வயது; என் நினைவு அம்மா சொல்லித் தந்த நினைவு. கரையோரச் செய்தி கேட்டுப் பதறிய எங்கள் வீட்டார், மாலையில் தொலைக்காட்சியில் நாகப்பட்டினத்தைப் பார்த்து இன்னொரு முறை பதறினார்கள். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இலங்கையில் 30,000க்கும் அதிகம். எங்கள் பாட்டனும் பூட்டனும் சஞ்சிக்கூலிகளாகவும் கங்காணி அழைத்து வந்தவர்களாகவும் கப்பலேறிய துறைமுகம் நாகப்பட்டினம். இறங்கியது பினாங்கு; அதற்கு முன் ஜெரஜாக் தீவில் தடுத்து வைக்கப்பட்டார்கள். வந்த வழி நெடுகிலும் அன்று கடல் பொங்கியது. கெடாத் தமிழர் ஒருவருக்கு அன்று இரண்டு கரைகளிலும் சாவு வீடு.

கோத்தா கோலா மூடாவில் இன்று ஆழிப்பேரலை நினைவுக் காட்சிக்கூடம் இருக்கிறது. உடைந்த படகுகளை நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். பள்ளி மாணவர்கள் பேருந்தில் போய்ப் பார்த்து வருகிறார்கள். நல்ல காரியம். இறந்தவர்களுக்கு ஒரு நாள் இருக்கிறது, ஓர் இடம் இருக்கிறது, பெயர்கள் இருக்கின்றன. இம்மூன்றும் இருந்தால் ஒரு நாடு எளிதில் மறப்பதில்லை.

இம்மூன்றும் இல்லாத துயரம் என்னவாகும்? என் கேள்வி இதுதான். இது எனக்குள் எழக் காரணமாக இருந்தவர் என் பாட்டி. எழுந்த வேளையும் 2014 மார்ச் மாதம்தான்.

விமானம் காணாமல் போய் இரண்டு வாரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. மார்ச் 24ஆம் தேதி இரவு அன்றைய பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, விமானம் தெற்கு இந்தியப் பெருங்கடலில் முடிவுற்றதாக அறிவித்தார். நாங்கள் எல்லாரும் கூடத்தில் அமர்ந்திருந்தோம். பெய்ஜிங்கில் ஒரு பெண் கதறி விழுவதைக் காட்டினார்கள். பாட்டி சொன்னார்:

"யாரு பார்த்தா? பார்க்காம எப்படிய்யா செத்துட்டாங்கன்னு சொல்றது? எங்கப்பாவையும் இப்படித்தான் சொன்னாங்க."

பாட்டி 1939இல் பிறந்தவர். சுங்கைப்பட்டாணிக்கு அருகில் இருந்த ஒரு ரப்பர் தோட்டம் அவருடைய ஊர். இப்போது அங்கே தோட்டமும் இல்லை, லயமும் இல்லை. வரிசை வீடுகள் நிற்கின்றன. ஜப்பான்காரன் காலத்தில், 1943ஆம் ஆண்டில், பாட்டியின் அப்பாவை லாரியில் ஏற்றிப் போனார்கள். மூன்று மாதம் வேலை, நல்ல சம்பளம், அரிசி கிடைக்கும் என்று சொன்னார்களாம். மரவள்ளிக்கிழங்கும் இல்லாத வீட்டில் அரிசி என்றால் யார்தான் போகமாட்டார்கள்? போகமாட்டேன் என்று சொல்லும் உரிமையும் இருந்ததா என்பது வேறு விஷயம். லாரி ரயிலடிக்குப் போனது. அங்கிருந்து சாமான் ஏற்றும் மூடிய பெட்டிகளில் சயாமுக்கு.

அவர் திரும்பவில்லை. சண்டை முடிந்து திரும்பி வந்த பக்கத்துத் தோட்டத்து மனிதர் ஒருவர், பேதி கண்டவர்களைப் போட்டிருந்த கொட்டகையில் அவரைப் பார்த்ததாகச் சொன்னார். எந்த மாதம் என்று அவருக்குத் தெரியவில்லை. சயாம் காட்டில் மழை பெய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். பாட்டியின் அம்மா அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பொட்டை அழிக்கவில்லையாம். சிலர் அவரைச் சுமங்கலி என்று கல்யாணத்துக்கு அழைத்தார்கள். சிலர் எதற்கும் இருக்கட்டும் என்று அழைக்கவில்லை. கருமாதி செய்ய உடல் இல்லை. திவசம் கொடுக்கத் திதி தெரியாது. கடைசியில் ஒரு பெரியவர் சொல்லி, ஆடி அமாவாசை அன்று படைக்கத் தொடங்கினார்கள். நாள் தெரியாமல் போனவர்கள் எல்லாருக்கும் அமாவாசைதான் பொதுநாள். எங்கள் வீட்டில் இன்றும் அப்படித்தான் நடக்கிறது.

அதனால்தான் 239 பேரின் குடும்பங்கள் படும்பாட்டை எங்களைவிடப் பாட்டி ஆழமாகப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். செத்தார் என்று அழவும் முடியாது, வருவார் என்று இருக்கவும் முடியாது. 2015 ஜனவரி 29ஆம் தேதி மலேசிய அரசு அதை விபத்து என்று அறிவித்து, பயணம் செய்தவர்கள் அனைவரும் இறந்ததாகக் கருதப்படுவர் என்றது. அந்த ஆண்டு ஜூலையில் ரியூனியன் தீவில் இறக்கையின் ஒரு பாகம் ஒதுங்கியது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் குடும்பத்தார் கூடி நினைவேந்துகிறார்கள். 2025 மார்ச்சில் அரசு மீண்டும் ஒரு தேடுதலுக்கு ஒப்புதல் அளித்தது. பதினோரு ஆண்டுகள் கழித்தும் தேடச் சொல்லிக் குரல் கொடுக்க ஆள் இருக்கிறது. கேட்கும் கட்டாயம் அரசுக்கும் இருக்கிறது. இப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

சயாமுக்குப் போனவர்களை யார் தேடினார்கள்?

சில விவரங்களைச் சொல்கிறேன். தாய்லாந்தின் பான் பொங் வட்டாரத்தையும் பர்மாவின் தன்பியுசயாட்டையும் இணைத்த அந்த ரயில்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைக்கப்பட்டன. நேச நாட்டுப் போர்க் கைதிகள் சுமார் 13,000 பேர் மாண்டதாகவும், ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 100,000 பேர் வரை மாண்டதாகவும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் மதிப்பிடுகிறது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டதாகவும், அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள் என்றும் ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். மலாய்க்காரர்களும் சீனர்களும் ஜாவானியரும் பர்மியரும் அங்கே சாவில் பங்கு கொண்டார்கள்.

மேலே உள்ள எண்களை இன்னொரு முறை படியுங்கள். 80,000 முதல் 100,000 வரை. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் 20,000 மனிதர்கள் இருக்கிறார்கள். இறந்த போர்க் கைதிகள் எல்லாரையும் கூட்டினாலும் அந்த 20,000க்கு ஈடாகாது. கைதிகளுக்குப் பட்டியல் இருந்தது. படைப்பிரிவும் எண்ணும் அதிகாரிகளும் இருந்தார்கள். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் அவர்களில் கிட்டத்தட்ட 7,000 பேர் வரிசை வரிசையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கல்லறைகளில் பெயரும் வயதும் இறந்த தேதியும் இருக்கின்றன. 1957இல் ஹாலிவுட் எடுத்த குவாய் பாலப் படத்தின் நாயகர்களும் அவர்களே. நம்மவர்களுக்குத் தோட்டத்துப் பிரட்டில் கிராணி எழுதிய பெயர்தான் இருந்தது. அந்தப் புத்தகம் எங்கே?

"அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்?" என்று இந்தத் துயரத்தைப் பற்றி எவரும் எவரையும் கேட்க முடியாது. ஏனென்றால் அதற்கு ஓர் 'அன்று' இல்லை. லாரி ஒரு தோட்டத்துக்கு ஒரு நாள் வந்தது, அடுத்த தோட்டத்துக்கு வேறொரு நாள் வந்தது. சாவு ஓராண்டுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. செய்தி வானொலியில் வரவில்லை; திரும்பி வந்த ஒருவர் வாயில் வந்தது, அதுவும் சில வீடுகளுக்குத்தான். ஒரே நொடியில் நாடு முழுவதும் அதிர்ந்தால் அது வரலாறு; ஒவ்வொரு லயமாகத் தனித்தனியே அழுதால் அது வீட்டுக் கதை. இப்படிப் பிரித்து வைத்தது யார் என்று தெரியவில்லை. ஆனால் நாமும் அந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டு வாழ்கிறோம் என்பதே என் ஆதங்கம்.

இங்கே நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். கெடா என்றதும் நம் மேடைகளில் என்ன ஒலிக்கிறது? கடாரம்! 1025ஆம் ஆண்டு வாக்கில் இராசேந்திர சோழனின் படை வந்து வென்ற கடாரம். பேச்சுப் போட்டி, பட்டிமன்றம், கலை இரவு என எங்கும் அந்தப் பெருமை முழங்குகிறது. பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களைப் பார்க்கும்போது எனக்கும் மயிர்க்கூச்செறியும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்த அரசனின் பட்டப் பெயர் நமக்கு மனப்பாடம். ஆனால் 80 ஆண்டுகளுக்கு முன் அதே கெடாவிலிருந்து லாரியில் போன சொந்தக் கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் நம் கழகத்தில் எத்தனை பேர்? வென்ற கதை இனிக்கும். தோற்ற கதை கசக்கும். இரண்டும் நம் கதைதான்.

எழுத்தாளர்கள் தங்கள் கடமையைச் செய்திருக்கிறார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் நம் நூலக அலமாரிகளில் இருக்கின்றன. நாவல் ஒரு காலத்தை நம் கண்முன் நிறுத்தும். ஆனால் பெயர்ப் பட்டியலை நாவலாசிரியர் தர முடியாது. அது வீடு வீடாகச் சேர வேண்டியது.

"பழைய துயரத்தை ஏன் கிளற வேண்டும்? படித்து வேலைக்குப் போகும் வழியைப் பார்" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் அக்கறையால்தான் கேட்கிறார்கள். "தேசியத் துயரம் எல்லாருக்கும் பொதுவானது, இது இனத் துயரம்தானே" என்று கேட்பவர்களும் உண்டு. முதல் கேள்விக்கு என் பதில்: துயரத்தைக் கிளறுவது வேறு, கணக்கில் எழுதுவது வேறு. எழுதாத கணக்குதான் ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் எங்கள் வீட்டில் திரும்ப வருகிறது. இரண்டாவதற்கு: கோத்தா கோலா மூடாவில் இறந்தவர்களில் தமிழர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தா நாம் அழுதோம்? இந்நாட்டு மண்ணிலிருந்து பல இனத்தாரும் கொண்டு செல்லப்பட்டு ஆயிரம் ஆயிரமாக மாண்டது தேசியத் துயரம் இல்லையென்றால் வேறு எது தேசியத் துயரம்? நம்மோடு படிக்கும் மலாய், சீன நண்பர்களிடம் இதைச் சொன்னால் அவர்கள் மறுக்கப்போவதில்லை. சிபு நண்பரிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "பெயர்ப் பட்டியல் இருக்கிறதா?"

இல்லை. அதை உண்டாக்கும் வேலையில் ஒரு சிறு பங்கை நாம் ஏற்கலாம் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

காலம் குறுகியது. சயாமிலிருந்து திரும்பியவர்களை இனிக் காண்பது அரிது. லாரி வந்ததைப் பார்த்த பிள்ளைகள் இன்று 85ஐத் தாண்டியவர்கள். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, மக்கள் பாடாங் செராய், கூலிம், பீடோங், அலோர் ஸ்டார், பினாங்கு, ஜொகூர் என்று சிதறிவிட்டார்கள். ஒரு லயத்தில் இருந்தபோது ஒருவர் மறந்ததை அடுத்த வீட்டார் எடுத்துக் கொடுப்பார்கள். இப்போது அடுத்த வீட்டாருக்கு அந்தத் தோட்டத்தின் பெயரே தெரியாது.

நினைவு மாறக்கூடியது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்தியை எங்கே கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டுகள் கழித்து மீண்டும் கேட்டபோது பலர் முற்றிலும் வேறு பதில் எழுதினார்கள், அதுவும் உறுதியாக. இரண்டரை ஆண்டுகளில் அப்படியென்றால் 80 ஆண்டுகளில்? ஆகவே பெரியவர்கள் சொல்வதை அப்படியே எழுதுவதோடு, அதை அவர்கள் நேரில் பார்த்தார்களா, யார் சொல்லிக் கேட்டார்கள் என்பதையும் எழுத வேண்டும். என் பாட்டிக்கு அப்போது நான்கு வயது. லாரி நினைவிருக்கிறது என்கிறார். அப்பாவின் முகம் நினைவில் இல்லை என்றும் சொல்கிறார். இரண்டையும் அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்.

அடுத்த பருவ விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, ஒவ்வோர் உறுப்பினரும் தம் குடும்பத்திலோ அக்கம்பக்கத்திலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். ஜப்பான்காரன் காலத்தில் எந்தத் தோட்டத்தில் இருந்தீர்கள்? அங்கிருந்து சயாமுக்குப் போனவர்கள் யார் யார்? திரும்பி வந்தவர்கள் யார்? இதை உங்களுக்குச் சொன்னது யார்? கைப்பேசியில் குரலைப் பதிவு செய்துகொண்டால் போதும். பெரிய ஆராய்ச்சி அறிவு தேவையில்லை. பொறுமையாக உட்கார்ந்து கேட்கும் மனம் தேவை. சொல்ல விரும்பாதவர்களை வற்புறுத்தவும் கூடாது.

முன்னாள் மாணவர்களிடமும் ஒரு விண்ணப்பம். உங்களில் பலர் ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், கோயில் நிர்வாகத்தினர். பழைய தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் வருகைப் பதிவேடுகள், கோயில் கணக்குப் புத்தகங்கள், தோட்ட அலுவலகத்தில் எஞ்சிய தாள்கள் எவையேனும் உங்கள் கண்ணில் பட்டால், பழுப்பேறிய குப்பை என்று எரிக்க விடாதீர்கள். அவற்றில் ஒரு பெயர் இருக்கலாம். அந்தப் பெயருக்காக இன்னும் யாரோ ஓர் ஆடி அமாவாசையில் இலை போட்டுக்கொண்டிருக்கலாம்.

சேர்ந்த பெயர்களை எல்லாம் அடுத்த ஆண்டு இதழில் வெளியிட வேண்டும் என்று ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பத்துப் பெயர் சேர்ந்தாலும் சரி, நூறு சேர்ந்தாலும் சரி. பெயர், தோட்டம், போன ஆண்டு. இறந்த நாள் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெற்றிடமாக விட்டுவிடலாம். முதல் பெயரை நான் தருகிறேன்.